சின்ன அதிர்வு வந்துபோனது, பெரியது வருமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். "எங்கள் பக்கம் இதெல்லாம் வராது என்று நினைத்திருந்தோம், தரை ஆடிவிட்டது, இனி என்ன?" ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் யாருடையதையும் போடவில்லை.

கேள்வி: ராத்திரி பதினொன்றரை மணிக்குக் கட்டில் லேசாகத் தள்ளாடியது. அடுக்கி வைத்திருந்த தட்டுகள் கிணுகிணுத்தன. நாலைந்து நொடிதான். மறுநாள் செய்தியில் 3.4 என்றார்கள். "சின்னதா வந்தா நல்லதுதாம்மா, பூமி அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா வெளியே விட்டுடும், பெருசு வராது" என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். உண்மையா?

பதில்: இல்லைம்மா. அண்ணன் ஆறுதலுக்குத்தான் சொல்லியிருப்பார், ஆனால் இந்த நம்பிக்கை ஆட்களைக் கொன்றிருக்கிறது, அதனால் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. நிலநடுக்க அளவில் ஒரு எண் ஏறினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு ஏறும். இரண்டு எண் ஏறினால் 1,000 மடங்கு. உங்கள் வீட்டுத் தட்டைக் கிணுகிணுக்க வைத்த 3.4-க்கும் ஒரு 6.4-க்கும் நடுவே மூன்று எண் இருக்கிறது, அதாவது 31,000 மடங்குக்கும் மேல். ஒரு 6.4 வெளியே விடும் ஆற்றலை இந்தச் சின்ன அதிர்வுகளாலேயே தீர்க்க வேண்டுமென்றால் தினமும் தவறாமல் ஒன்று வந்தாலும் 85 வருஷத்துக்கு மேல் ஆகும். எந்தப் பூமியும் அப்படித் தவணை கட்டுவதில்லை. சின்ன அதிர்வு வெளியே விட்டது அதன் சொந்த ஆற்றலை மட்டும்தான், பெரியதின் கணக்கில் அது ஒன்றையும் கழிக்கவில்லை.

இந்த நம்பிக்கை ஆட்களைக் கொன்றது என்றேனே, அது இத்தாலியில் நடந்த கதை. லாக்விலா என்று மலைகளுக்கு நடுவே ஒரு பழைய நகரம். 2009-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் அங்கே அடிக்கடி சின்ன அதிர்வுகள், ஜனங்கள் பயந்துபோனார்கள். மார்ச் 31-ஆம் தேதி அரசு நிபுணர் குழு கூடியது. அதையொட்டி ஓர் அதிகாரி தொலைக்காட்சியில் சொன்னது ஏறக்குறைய உங்கள் அண்ணன் சொன்னதேதான்: ஆற்றல் தொடர்ந்து வெளியேறுகிறது, அதனால் நிலைமை சாதகமாக இருக்கிறது. அந்த ஊரில் ஒரு பழைய வழக்கம் உண்டு, தரை ஆடினால் வீட்டைவிட்டு வெளியே வந்து திறந்தவெளியில் இரவைக் கழிப்பார்கள். ஏப்ரல் 5-ஆம் தேதி இரவும் ஒரு அதிர்வு வந்தது. பல குடும்பங்கள் தொலைக்காட்சியில் கேட்டதை நம்பி உள்ளேயே படுத்துவிட்டன. அதிகாலை மூன்றரை மணி வாக்கில் 6.3 வந்தது. 309 பேர் இறந்தார்கள். பிறகு வழக்கு நடந்து 2012-இல் ஆறு விஞ்ஞானிகளுக்கும் அந்த அதிகாரிக்கும் சிறைத்தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் விஞ்ஞானிகள் விடுதலையானார்கள், அதிகாரியின் தண்டனை குறைக்கப்பட்டாலும் நிலைத்தது. நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்லவில்லை என்பதற்காக விஞ்ஞானிகளைத் தண்டிப்பது நியாயமில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் "பயப்படாதே, உள்ளே போய்ப் படு" என்று சொல்வது வேறு விஷயம். அதைச் சொல்ல யாருக்கும் ஆதாரம் இல்லை, அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

கேள்வி: அப்படியானால் சின்ன அதிர்வு என்பது பெரியது வரப்போவதற்கு அறிகுறியா?

பதில்: பெரும்பாலும் இல்லை, சில நேரம் ஆம். கேட்க எரிச்சலாக இருக்கும், ஆனால் உண்மை இதுதான். ஒரு அதிர்வு வந்தபின் அடுத்த சில நாட்களில் அதே இடத்தில் அதைவிடப் பெரியது வருவது நூற்றுக்கு ஐந்தாறு தடவைதான். அந்த 'பெரியது'கூடப் பெரும்பாலும் கொஞ்சம் பெரியதாகத்தான் இருக்கும், 3.4-க்குப் பின்னால் 3.7 மாதிரி. 3.4-க்குப் பின்னால் நேராக ஒரு 6 வருவது இன்னும் மிக அரிது. மீதி 94, 95 தடவை அது வந்த மாதிரியே அடங்கிவிடும்.

சிக்கல் எங்கே என்றால், முன்னதிர்வுக்கென்று தனி முகம் கிடையாது. பெரியது வந்த பிறகுதான் முன்னால் வந்ததற்கு 'முன்னதிர்வு' என்று பெயர் வைக்கிறோம். 2011 மார்ச் 9-ஆம் தேதி ஜப்பானின் கிழக்குக் கடலில் 7-க்கு மேற்பட்ட நிலநடுக்கம் வந்தபோது, உலகத்திலேயே அதிகக் கருவிகள் வைத்திருக்கும் நாட்டில், எல்லோரும் அதுதான் பெரியது என்றே எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து 9.0 வந்து சுனாமியைக் கொண்டுவந்தது.

சீனாவில் இரண்டு நகரங்களுக்கு நடந்ததைப் பாருங்கள். 1975 பிப்ரவரியில் ஹைச்செங் பகுதியில் நாட்கணக்கில் சின்ன அதிர்வுகள் பெருகிக்கொண்டே போயின, உறைபனிக் குளிரில் ஜனங்களை வெளியே கொண்டுவந்தார்கள், 7.3 அளவில் வந்தது, ஏராளமானோர் தப்பினார்கள். இனி நிலநடுக்கத்தைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை பிறந்தது. அடுத்த ஆண்டே, 1976 ஜூலை 28 அதிகாலையில், டாங்ஷான் நகரம் அப்படி எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தரைமட்டமானது. அரசுக் கணக்குப்படியே 2,42,000 பேர் இறந்தார்கள். ஒன்றுக்கு முன்னால் நூற்றுக்கணக்கான அதிர்வுகள், இன்னொன்றுக்கு முன்னால் மௌனம். இதில் எதை வைத்து விதி எழுதுவது?

ஆகவே சின்ன அதிர்வு எனக்குச் சொல்வது ஒன்றுதான்: என் காலுக்குக் கீழே ஒரு பிளவு இருக்கிறது, அது இன்னும் உயிரோடு இருக்கிறது. எப்போது, எவ்வளவு என்று அது சொல்லாது. சொல்லாததை நாமாக ஊகித்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.

கேள்வி: ரிக்டர் 3.6 என்றால் பயமில்லை என்று வைத்துக்கொள்ளலாமா? எந்த எண்ணிலிருந்து கவலைப்பட வேண்டும்?

பதில்: எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், ஆழத்தையும் பாருங்கள். செய்தியில் எண்ணுக்குப் பக்கத்திலேயே 'ஆழம் இத்தனை கிலோமீட்டர்' என்று இருக்கும். நெதர்லாந்தில் குரோனிங்கன் பகுதியில் 2012-இல் வந்தது வெறும் 3.6தான், ஆனால் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், மென்மையான மண்ணுக்குக் கீழே. வீட்டுச் சுவர்கள் விரிசல் விட்டன. அதே 3.6 நூறு கிலோமீட்டர் ஆழத்தில் வந்திருந்தால் மேலே இருப்பவர் பெரும்பாலும் தூக்கம் கலையாமல் புரண்டு படுத்திருப்பார். எண் என்பது பூமிக்கு உள்ளே நடந்ததன் அளவு. உங்கள் தெருவில் எவ்வளவு ஆடியது என்பது வேறு கணக்கு, தூரமும் ஆழமும் மண்ணும் சேர்ந்து தீர்மானிப்பது.

கேள்வி: புவித்தட்டுகள் உரசும் ஓரங்களில்தான் நிலநடுக்கம் வரும் என்று பள்ளியில் படித்தோம். நாங்கள் இருப்பது எந்த ஓரத்துக்கும் பக்கத்தில் இல்லை. அப்புறம் எப்படி?

பதில்: நீங்கள் படித்தது தவறில்லை, பாதியில் நிறுத்திவிட்டார்கள். உலக நிலநடுக்கங்களில் பத்தில் ஒன்பது தட்டுகளின் ஓரங்களில்தான் நடக்கிறது. மீதி ஒன்று தட்டின் நடுவயிற்றில் நடக்கிறது, யாரும் எதிர்பார்க்காத இடம் என்பது அதுதான்.

ஓரத்தில் விழும் தள்ளு ஓரத்தோடு நிற்பதில்லை. தட்டு முழுக்கப் பாறைதானே, ஒரு முனையில் தள்ளினால் அழுத்தம் உள்ளே ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியும் போய்ச் சேரும். அங்கே பாறை ஒரே சீராக இருந்தால் தாங்கிக்கொள்ளும். ஆனால் கண்டங்கள் வயதானவை, கோடிக்கணக்கான வருஷங்களில் பலமுறை ஒட்டிப் பிரிந்தவை, பிளக்க ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன இடங்கள் அவற்றின் அடியில் பழைய தழும்பு மாதிரி கிடக்கின்றன. அழுத்தம் மெதுவாகச் சேர்ந்து சேர்ந்து அந்தத் தழும்பில் விட்டுக்கொடுக்கிறது. மெதுவாக என்றால் ஒரு பெரிய அதிர்வுக்கும் அடுத்ததுக்கும் நடுவே பல நூறு, பல ஆயிரம் வருஷம்கூட ஆகலாம். நம்மிடம் இருக்கும் எழுத்துப் பதிவு சில நூறு வருஷத்துக்கு, கருவிப் பதிவு நூறு வருஷத்துக்குச் சற்று மேலே. 'இங்கே வந்ததே இல்லை' என்று நாம் சொல்வதன் அர்த்தம், பல நேரம், 'நாங்கள் எழுத ஆரம்பித்த பிறகு வரவில்லை' என்பதுதான்.

அமெரிக்காவின் நடுப்பகுதி, எந்தக் கடற்கரையிலிருந்தும் வெகுதூரம், மிசிசிப்பி ஆற்றங்கரையில் நியூ மாட்ரிட். 1811 டிசம்பரிலிருந்து 1812 பிப்ரவரி வரை மூன்று பெரிய நிலநடுக்கங்கள், இரண்டு மாதத்துக்குள். ஆறு சற்று நேரம் பின்னோக்கி ஓடியதாகப் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே அப்போது ஜனம் குறைவு, அதனால் சாவும் குறைவு. இன்று அப்படி இல்லை. ஆஸ்திரேலியாவின் பாலைவன நடுவில் டென்னன்ட் கிரீக் என்ற சிற்றூர், 1988 ஜனவரி 22-ஆம் தேதி பன்னிரண்டு மணி நேரத்துக்குள் 6-க்கு மேல் மூன்று. தரை படிக்கட்டு மாதிரி ஒரு பக்கம் எழும்பி நின்றது, மண்ணுக்குள் புதைத்திருந்த எரிவாயுக் குழாய் நெளிந்து மடங்கியது. அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1987 ஜனவரியில், அங்கே அதிர்வுகள் வந்து அடங்கியிருந்தன. அதே நாட்டில் நியூகாஸில் நகரத்தில் 1989 டிசம்பரில் 5.6தான், 13 பேர் இறந்தார்கள்.

மகாராஷ்டிராவின் கில்லாரியை என்னால் மறக்க முடிவதில்லை. தக்காணப் பீடபூமி உறுதியானது, ஆடாதது என்று பாடப்புத்தகமே சொன்ன நிலம். 1992-இல் அந்தப் பக்கத்து ஜனங்கள் சின்னச் சின்ன அதிர்வுகளை உணர்ந்தார்கள், அக்டோபரில் வந்தது 4-ஐ ஒட்டியது. பிறகு அடங்கியது. 1993 செப்டம்பர் 30, விடியற்காலை நாலு மணிக்குச் சற்று முன்பு, முந்தைய நாள் பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்த ஜனங்களின் மேல் 6.2 வந்தது. ஏறக்குறைய பத்தாயிரம் பேர். உலகக் கணக்கில் 6.2 ஒன்றும் பெரிய எண் இல்லை. அந்த வீடுகளைப் பற்றிக் கீழே வேறொரு கேள்விக்குப் பதிலில் எழுதியிருக்கிறேன், தயவுசெய்து அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. கண்டத்தின் நடுவே இருக்கும் பழைய, குளிர்ந்த, கெட்டியான பாறை அதிர்வை வெகுதூரம் கடத்தும். 2011-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 5.8 வந்தபோது நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் வாஷிங்டன் நினைவுத்தூண் விரிசல் விட்டது. உடைந்து நொறுங்கிக் கிடக்கும் ஓரப் பகுதியின் பாறையில் அதே அளவு அதிர்வு அவ்வளவு தூரம் போகாது.

கேள்வி: நான் கட்டடப் பொறியியல் படிக்கும் மாணவன். அரசின் நிலநடுக்க மண்டல வரைபடத்தில் எங்கள் பகுதி மிகக் குறைந்த ஆபத்து மண்டலத்தில் வருகிறது. வரைபடத்தை நம்பலாமா?

பதில்: நம்புங்கள், ஆனால் அது சொல்வதை மட்டும் நம்புங்கள். அது சொல்வது 'குறைவு'. நாம் படிப்பது 'இல்லை'. கில்லாரி இருந்தது அன்றைய இந்திய வரைபடத்தின் மிகக் குறைந்த மண்டலத்தில். பிறகு 2002-இல் அந்த மண்டலத்தையே வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், அடுத்ததோடு சேர்த்துவிட்டார்கள். டாங்ஷானும் குறைந்த ஆபத்துப் பகுதி என்று மதிப்பிடப்பட்ட நகரம்தான், அதற்கேற்பத்தான் கட்டடங்களும் இருந்தன. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் பக்கத்தில் 2010 செப்டம்பரில் 7.1 வந்தது, பூமிக்கடியில் அப்படியொரு பிளவு இருப்பதே அதுவரை தெரியாது, ஆற்றுவண்டல் மூடியிருந்தது. இடிபாட்டில் சிக்கி யாரும் இறக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து அதைவிடச் சின்னது, 6.2, நகரத்துக்கு அடியிலேயே வந்தது, 185 பேர் போனார்கள்.

வரைபடம் தெரிந்த பிளவுகளையும் பதிவான நிலநடுக்கங்களையும் வைத்துப் போடுவது. தெரியாத பிளவை எப்படிப் போடுவார்கள்? படித்து முடித்து வேலைக்குப் போனதும் 'இது குறைந்த மண்டலம், கம்பியைக் குறைக்கலாம்' என்று யாராவது சொன்னால், தம்பி, கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: அதிர்வுக்கு முன்னால் வெடி வைத்த மாதிரி 'டம்' என்று சத்தம் கேட்டது. கல் குவாரியில் வெடி வைத்ததை மறைக்க நிலநடுக்கம் என்கிறார்களோ என்று எங்கள் தெருவில் பேச்சு.

பதில்: ஆழமில்லாத சின்ன நிலநடுக்கம் கெட்டிப் பாறையில் வந்தால் அப்படித்தான் சத்தம் போடும். முதலில் வரும் அலை காற்றின் வழியே வரும் ஒலியைப் போன்றதுதான், பாறையை அழுத்தி அழுத்தி வருவது, அது தரையைத் தொட்டதும் ஒரு பகுதி காற்றில் இறங்கி நம் காதுக்கு வந்துவிடும். குலுக்கும் அலை அதற்குப் பின்னால் வரும். பக்கத்தில் வந்தால் இரண்டும் ஒன்றாகக் கேட்கும்.

குவாரி வெடி எல்லாத் திசையிலும் வெளியே தள்ளும், பிளவு ஒரு பக்கமாக வழுக்கும். கருவிப் பதிவைப் பார்த்தால் நிபுணர்கள் பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். ஆகவே சந்தேகம் இருந்தால் பதிவைக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. அப்புறம், கனமழைக்குப் பிறகு இப்படி வெடிச்சத்தத்தோடு சின்ன அதிர்வுகள் கூட்டமாக வருவதும் உண்டு. ஜெர்மனியின் தெற்கில் ஹோக்ஸ்டாஃபன் என்ற மலையில் 2002-இல் பெருமழைக்குப் பின் அப்படி வந்ததை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள், மழைநீர் பாறை இடுக்கு வழியே இறங்கி அழுத்தத்தை மாற்றிவிடுகிறது.

கேள்வி: மனிதர்கள் செய்யும் வேலையால் நிலநடுக்கம் வருமா?

பதில்: வரும். இதில் இனி சந்தேகமே இல்லை. ஒன்றன்மேல் ஒன்று அழுந்திக் கிடக்கும் இரண்டு பாறை முகங்களுக்கு நடுவே நீரழுத்தம் ஏறினால் பிடி தளர்கிறது, ஏற்கெனவே வழுக்கக் காத்திருந்தது வழுக்கிவிடுகிறது. மகாராஷ்டிராவின் கொய்னா அணையில் 1960-களின் தொடக்கத்தில் தண்ணீர் தேக்க ஆரம்பித்த பிறகு அதிர்வுகள் தொடங்கின, 1967 டிசம்பரில் 6-ஐத் தாண்டி ஒன்று வந்து ஏறக்குறைய 180 பேர் இறந்தார்கள். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் எண்ணெயோடு வெளிவரும் உப்புநீரைத் திரும்ப ஆழத்தில் செலுத்தினார்கள். 2009-க்கு முன்பு வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ வந்துகொண்டிருந்த 3-க்கு மேற்பட்ட அதிர்வுகள் 2015-இல் 900-ஐ ஒட்டிப் போயின, அடுத்த ஆண்டு 5.8 வந்தது. செலுத்தும் அளவைக் குறைக்கச் சொன்ன பிறகு எண்ணிக்கையும் இறங்கியது. தென்கொரியாவின் போஹாங்கில் 2017-இல் வந்த 5.4-க்கு அங்கே நடந்த புவிவெப்ப மின்திட்டமே தூண்டுதல் என்று அரசு அமைத்த ஆய்வுக்குழுவே சொல்லிவிட்டது.

உங்கள் பகுதியில் அணையோ ஆழ்துளைத் திட்டமோ தொடங்கிய பிறகு அதிர்வுகள் தொடங்கினால், அந்தத் தேதிகளை எழுதி வையுங்கள், பொதுவில் கேளுங்கள். இந்த வகை ஒன்றில்தான் கையை எடுத்தால் குறையும் என்ற வாய்ப்பு இருக்கிறது. அதை விடக் கூடாது.

கேள்வி: 'வரும் வெள்ளிக்கிழமை இரவு பெரிய நிலநடுக்கம்' என்று வாட்ஸப்பில் சுற்றுகிறது.

பதில்: தேதி, இடம், அளவு மூன்றையும் சேர்த்து முன்கூட்டியே நம்பகமாகச் சொல்லும் வழி உலகத்தில் யாரிடமும் இல்லை. அழித்துவிடுங்கள், அனுப்பியவருக்கும் அன்பாகச் சொல்லுங்கள். ஜப்பானிலும் மெக்சிகோவிலும் அடிக்கும் எச்சரிக்கை மணி வேறு விஷயம். நிலநடுக்கம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது, அலை உங்களிடம் வந்துசேருவதற்குள் சில நொடி முன்னால் தகவல் வருகிறது. அந்தச் சில நொடி ரயிலை நிறுத்தவும் மேசைக்கடியில் போகவும் போதும்.

கேள்வி: பயப்படாதே, கவனமாக இரு என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்ன கவனம் என்று யாரும் சொல்வதில்லை. நான்கு மாடிக் குடியிருப்பில் இருக்கிறோம், அம்மா அப்பா பழைய ஓட்டு வீட்டில் இருக்கிறார்கள். எதைப் பார்ப்பது?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் இந்த வாரம் முழுக்க எழுதுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கில்லாரி வீட்டுச் சுவர் எப்படி இருந்தது தெரியுமா? இரண்டடி, மூன்றடி கனம். பார்த்தால் கோட்டை. ஆனால் அது ஒரு சுவர் இல்லை, இரண்டு. வெளிப்பக்கம் ஒரு வரிசைக் கல், உள்பக்கம் ஒரு வரிசைக் கல், நடுவே பொடிக்கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பியது. இரண்டு வரிசையையும் சேர்த்துப் பிடிக்கக் குறுக்கே போகும் நீளக்கல் கிடையாது. மேலே, வெயில் தாங்க, மரப்பலகை போட்டு அதன்மேல் வருஷா வருஷம் மண் ஏற்றிய கூரை. தரை ஆடியதும் வெளி வரிசை வெளியே சரிந்தது, உள் வரிசை உள்ளே சரிந்தது, கூரை மண் இறங்கி மூடியது. எதிர்பாராத இடங்களில் இத்தனை பேர் சாவதற்குக் காரணம் இதுதான். நிலநடுக்கம் வரும் என்று தெரிந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கட்டும் முறையே மாறியிருக்கும். வராது என்று நம்பும் ஊரில் வெயிலுக்கும் மழைக்கும் மட்டும் கட்டுவோம்.

உங்கள் அம்மா அப்பா வீட்டில் முதலில் மூலைகளைப் பாருங்கள். இரண்டு சுவர் சந்திக்கும் மூலையில் மேலிருந்து கீழே நெடுக விரிசல் ஓடினால் அந்தச் சுவர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்று அர்த்தம். கதவு, ஜன்னல் தலைமட்டத்தில் வீட்டைச் சுற்றிலும் அறுபடாமல் ஒரு கான்கிரீட் பட்டை, லிண்டல் பெல்ட் என்பார்களே, அது ஓடுகிறதா, அல்லது ஜன்னலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாக இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றி ஓடும் பட்டை பீப்பாய்க்குப் போட்ட இரும்பு வளையம் மாதிரி சுவர்களைச் சேர்த்துப் பிடிக்கும். இல்லாத வீட்டுக்குப் பின்னாலும் போடலாம், சுவரின் இரண்டு பக்கமும் கம்பிவலை வைத்து, குறுக்கே துளையிட்டுக் கட்டி, சிமெண்ட் பூசுவது. கல் சுவரானால் அங்கங்கே கல்லை எடுத்துவிட்டு ஊடே கம்பி வைத்துக் கான்கிரீட் நிரப்பலாம். வீட்டை இடிக்க வேண்டியதில்லை. கட்டட உறுதியைப் பார்க்கத் தெரிந்த பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

உங்கள் நான்கு மாடியில் நான் முதலில் கேட்பது, கீழே என்ன இருக்கிறது? வண்டி நிறுத்துவதற்காகச் சுவரே இல்லாமல் தூண் மட்டும் நின்றால் அதுதான் பலவீனம். மேல் மாடிகளில் செங்கல் சுவர்கள் சேர்ந்து விறைப்பாக நிற்கும், ஆட்டம் முழுவதும் கீழ்த்தளத் தூண்களின் தலையிலும் காலிலும் விழும். 2001-இல் குஜராத்தில் நிலநடுக்கம் வந்தபோது, அது தொடங்கிய இடத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் அகமதாபாத்தில் இந்த வகைக் குடியிருப்புகள் உட்கார்ந்துவிட்டன.

அப்புறம் தூணுக்குள் இருக்கும் 'ரிங்'. புதிதாகக் கட்டுபவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். நெட்டுக்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தின் இரண்டு முனையையும் தொண்ணூறு பாகையில் மடக்கி விட்டுவிடுவார்கள், கட்டுபவருக்கு அது சுலபம். தூண் ஆடி வெளிக் கான்கிரீட் பெயர்ந்ததும் அந்த முனை திறந்துகொள்ளும், நெட்டுக்கம்பிகள் வெளியே பிதுங்கும், தூண் நசுங்கும். முனையை இன்னும் உள்ளே, 135 பாகைக்கு, தூணின் வயிற்றுக்குள் போகும்படி மடக்க வேண்டும். தூணின் தலையிலும் காலிலும் ரிங்குகளை நெருக்கமாக, 10 சென்டிமீட்டருக்குள் ஒன்றாகப் போட வேண்டும். ஒரு விரல்நீளக் கம்பியும் ஒரு மடக்கும்தான் வித்தியாசம். கான்கிரீட் போட்ட பிறகு பார்க்க முடியாது, அதனால் கம்பி கட்டி முடித்த அன்று சாயங்காலம் நீங்களே போய்க் குனிந்து பாருங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். மேஸ்திரிக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

கட்டப்பட்டுவிட்ட குடியிருப்புக்கும் வழி உண்டு, தூண்களைச் சுற்றிக் கூடுதல் கம்பியும் கான்கிரீட்டும் போட்டுத் தடிமனாக்குவது, சில இடைவெளிகளில் சுவர் எழுப்புவது. ஒரு வீட்டுக்காரர் தனியாகச் செய்ய முடியாது, சங்கக் கூட்டத்தில் வைக்க வேண்டிய விஷயம். அதிர்வு வந்த வாரத்திலேயே வையுங்கள், மூன்று மாதம் போனால் ஒருவரும் காது கொடுக்க மாட்டார்கள்.

இன்றே, காசில்லாமல் செய்யக்கூடியவை: படுக்கைக்கு மேலே இருக்கும் பரணிலிருந்து கனமான பாத்திரங்களை இறக்குங்கள். பீரோவைச் சுவரோடு சேர்த்து இறுக்குங்கள், இரண்டு ஆணியும் ஒரு பட்டையும் போதும். சின்ன அதிர்வுகளில் அடிபடுபவர்களில் பலர் இடிந்த வீட்டால் அல்ல, விழுந்த சாமானால்தான் அடிபடுகிறார்கள்.

கேள்வி: ஆடும்போது ஓடுவதா, உள்ளேயே இருப்பதா?

பதில்: கான்கிரீட் கட்டடத்தின் மாடியில் இருந்தால் ஓடாதீர்கள். குனிந்து, உறுதியான மேசைக்கடியில் போய், தலையைக் காத்து, மேசைக்காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். படிக்கட்டும் லிஃப்டும் கூடாது. படுக்கையில் இருந்தால் எழுந்திருக்காமல் தலையணையால் தலையை மூடுங்கள். கல்லும் மண்ணுமாகக் கட்டிய பழைய வீடு, தரைத்தளம், வாசல் நாலு எட்டில், வெளியே திறந்தவெளி என்றால் வெளியேறுவதுதான் நல்லது. ஆகவே இதை ஆடும்போது யோசிக்க முடியாது, இன்றைக்கே உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்து வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சின்ன அதிர்வை உணர்ந்தால் யாரிடமாவது சொல்ல வேண்டுமா?

பதில்: சொல்லுங்கள். பல நாடுகளின் நிலநடுக்க மையங்கள் பொதுமக்களிடமிருந்து இணையத்தில் தகவல் வாங்குகின்றன. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் பக்கத்தில் உலகத்தில் எங்கிருந்தும் 'நீங்கள் உணர்ந்தீர்களா' என்பதற்குப் பதில் தரலாம். எதிர்பாராத இடங்களில் கருவிகள் குறைவு, அங்கே தட்டு கிணுகிணுத்ததும் பூனை எழுந்து ஓடியதும்கூடத் தகவல்தான். நேரத்தை நிமிஷத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், அடுத்த அதிர்வுக்குப் பின் கோட்டைத் தாண்டியிருந்தால் பொறியாளரிடம் காட்ட அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

கேள்வி: அன்றிலிருந்து என் எட்டு வயது மகள் தனியாகத் தூங்க மறுக்கிறாள். "மறுபடியும் வருமா?" என்று தினமும் கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்: "வராது" என்று மட்டும் சொல்லாதீர்கள். வந்துவிட்டால் அதன்பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டாள். "சின்னதாக மறுபடி வரலாம், வந்தால் என்ன செய்வதென்று நமக்குத் தெரியும்" என்று சொல்லுங்கள், சொன்னதைச் செய்தும் காட்டுங்கள். அவளையே கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து எது விழும், எது விழாது என்று அவளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், குழந்தைகளுக்கு இதில் கண் கூர்மை. அவள் கை காட்டிய கண்ணாடிச் சட்டத்தை அவள் எதிரிலேயே கழற்றி வையுங்கள். மேசைக்கடியில் போய்த் தலையை மூடி மேசைக்காலைப் பிடிப்பதை ஒரு நாள் பகலில், ஒரு நாள் விளக்கை அணைத்துவிட்டுச் செய்து பாருங்கள். கட்டிலுக்கடியில் ஒரு டார்ச்சும், கண்ணாடித் துண்டு காலில் குத்தாமல் இருக்க அவள் செருப்பும் இருக்கட்டும், அதை அவளே வைக்கட்டும். இன்னும் சில வாரத்துக்கு உங்கள் பக்கத்தில் படுத்தால் படுத்துக்கொள்ளட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.